பின்னாடி வருது

கடலோர ஓங்கலின் விளிம்பில் நடப்பதுதான் இப்போதைய நாகரிகம். கீழே அலை, பக்கத்தில் புல்வெளி, நடுவில் ஒற்றையடிப் பாதை. முதுகில் விலை உயர்ந்த பை, காலில் அதைவிட விலை உயர்ந்த ஷூ. அண்மையில் இதில் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: காரில் போகக் கூடாது, பூமி சூடாகும்; பஸ்ஸிலோ ரயிலிலோ போய் இறங்கித்தான் நடக்க வேண்டும். கார் இல்லாதவன் பஸ்ஸுக்கு நின்றால் அது வறுமை. கார் உள்ளவன் அதை வீட்டில் பூட்டிவிட்டு வந்து பஸ்ஸுக்கு நின்றால் அது சுற்றுச்சூழல் உணர்வு. நிற்காமல் போகும் பஸ் இரண்டு பேர் மேலும் ஒரே அளவு புழுதியை வாரி இறைக்கும். அந்த அளவில் நம் ஊரில் சமத்துவம் உண்டு.

தமிழ்நாடு இதில் பின்தங்கிவிடவில்லை. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று திட்டம் போட்டு, 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்துவிட்டார்கள். காட்டுக்கும் மலைக்கும் ஆயிற்று. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை மட்டும் சும்மா கிடக்கிறது. எப்படியும் நாளைக்கு ஓர் அதிகாரி வெளிநாட்டுக்குப் போய்வந்து, ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குக் கோடிகளைக் கொட்டிக் கொடுத்து, கடலோர நடைபாதைக்கு விரிவான திட்ட அறிக்கை வாங்கத்தான் போகிறார். அந்தச் செலவை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில் அறிக்கையை நானே எழுதித் தந்துவிடுகிறேன். இடம்: மரக்காணம்.

மரக்காணத்தில் ஏதய்யா ஓங்கல் என்று விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள். நியாயம்தான். பாத்தி பாத்தியாகத் தட்டையாய்க் கிடக்கும் உப்பளத்து ஊர் அது. கண்ணுக்கெட்டியவரை நிமிர்ந்து நிற்பது உப்பு அம்பாரம் ஒன்றுதான். ஆனால் ஓங்கல் உண்டு. ஊருக்குத் தெற்கே அரசாங்கங்கள் கூடிச் செய்துகொண்டிருக்கின்றன. கடைசியில் அழைத்துப் போகிறேன். முதலில் ஊர் போய்ச் சேர வேண்டுமே.

ரயிலில் போகலாம். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கிழக்குக் கடற்கரை ரயில் பாதை, ஏறத்தாழ 180 கிலோமீட்டர். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அறிவித்துவிட்டார்கள். அறிவித்தபோது பிறந்த குழந்தைக்கு இப்போது வாக்காளர் அட்டை வாங்கும் வயது. இடையில் வந்த சில பட்ஜெட்டுகளில் இந்தப் பாதைக்கு ஒதுக்கிய தொகை 1,000 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, கோடி என்ற சொல் விட்டுப்போகவும் இல்லை, வெறும் ஆயிரம். திட்டம் சாகவில்லை என்று கணக்குப் புத்தகத்தில் காட்டுவதற்கான தொகையாம். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். தண்டவாளம் போட முடியாது. கோலமாவு வாங்கி இரண்டு கோடு இழுக்கலாம்.

ரயில் வேண்டாம் என்றால் கப்பலில் போகலாம். கேலி இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 2008 நவம்பரில் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை போகும் அந்த வழியில், சென்னைக்குத் தெற்கே பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை வருகிறது. மரக்காணத்திலிருந்து கழுவெளி ஏரி வழியாகப் புதுச்சேரிக்கு இன்னொரு 22 கிலோமீட்டர். தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்ட வந்த எலும்புக்கூடுகளை வைத்துச் சென்னை நகரத்துக்குள் கால்வாயை இணைத்தான் வெள்ளைக்காரன். அவன் காலத்தில் அதில் உப்பும் விறகும் படகில் போயின. இப்போது போவது சாக்கடையும் ஆகாயத்தாமரையும். அந்த 22 கிலோமீட்டர் இன்னும் வேடிக்கை. கப்பல் விடுவதற்காக அறிவித்த அதே கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 5,151 ஹெக்டேர். 2024-ல் அதற்கு ராம்சார் ஈரநில அந்தஸ்தும் கிடைத்தது. ஒரு சட்டம் அந்தத் தண்ணீரில் கப்பல் விடு என்கிறது, இன்னொரு சட்டம் பறவையைத் தொந்தரவு செய்யாதே என்கிறது. இரண்டுமே அமலில் இருக்கின்றன. கப்பல் வரவில்லை. பறவைகள் மட்டும் இரண்டு சட்டத்தையும் படிக்காமல் வந்து போகின்றன.

ஆக, மிச்சம் இருப்பது பஸ்.

தமிழ்நாட்டு பஸ் வசதியைக் குறை சொல்ல எனக்கே கூச்சம்தான். இருபதாயிரம் அரசு பஸ் ஓடும் மாநிலம் இது. குக்கிராமத்துக்கும் ஒரு டவுன் பஸ் என்ற பெருமையை வடக்கே போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். அதனால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும்போது கோபம் கூடுதலாக வருகிறது. திருவான்மியூரில் நின்று பாருங்கள். “பாண்டி ஏறு! பாண்டி மட்டும் ஏறு!” அந்த ‘மட்டும்’தான் இந்தச் சாலையின் அரசியல் சாசனம். மரக்காணம் என்று வாயெடுத்தால், “நிக்காது”. நூற்றைம்பது கிலோமீட்டர் சாலைக்கு இரண்டே முனைகள். நடுவில் இருப்பவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி.

மரக்காணத்தில், உப்பளத்துக்கு எதிரே சாலையோரம் ஒரு நிறுத்தம். நிழற்குடை உண்டு. அதைக் கட்டக் காரணமானவரின் பெயர் நெற்றியில் பெரிதாக எழுதியிருக்கிறது. எழுத்துக்கு இருக்கும் அகலம் கூரைக்கு இல்லை. நண்பகலில் நிழல் பின்புறத் தரையில் விழுகிறது, வெயில் பெஞ்சில் விழுகிறது. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டிய இரண்டு பெண்கள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நிழற்குடைக்குப் பின்புறம், அதன் சுவர் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அக்கா, பஸ் எப்ப வரும்?”

“வர்றதுக்கு என்னா தம்பி, வந்துக்கினேதான் இருக்கு. நிக்கிறதுதான் இல்ல.”

“கை காட்டினா நிக்காதா?”

“நாம கை காட்டுனா அவனும் கை காட்டுவான். பின்னாடி வருதுன்னு.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்தது. எழுந்து கை காட்டினார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் சுட்டிக்காட்டிவிட்டுப் பறந்தார். பின்னாடி வருது. பின்னால் வந்தவரும் அதையே செய்தார். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நேரத்துக்குப் பாண்டி போய்ச் சேராவிட்டால் விளக்கம் கேட்கும் மெமோ அவருக்குத்தான். அவருடைய கட்டைவிரலை இயக்குவது வேறு யாரோ. ரயில் பாதை பின்னாடி வருது. நீர்வழி பின்னாடி வருது. இந்தக் கடற்கரைக்கு டெல்லியும் சென்னையும் இதுவரை காட்டியிருப்பது அந்த ஒரு கட்டைவிரலைத்தான்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ‘விடியல் பயணம்’ என்று பெயர், அருமையான திட்டம். எத்தனையோ வீட்டில் மாதக் கடைசியைக் காப்பாற்றுகிறது. அதைக் கிண்டல் செய்பவன் வாயில் புற்று வைக்கட்டும். 2022-ல் இதே விழுப்புரம் மாவட்டத்து அமைச்சர் பொன்முடி அதை ‘ஓசி’ என்று மேடையில் சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் ஓசியோ காசோ, டவுன் பஸ் என்று ஒன்று வர வேண்டும், வந்தால் நிற்க வேண்டும். இந்தச் சாலையில் சீறிப் பாய்பவை பெரும்பாலும் எக்ஸ்பிரஸ். உப்பளத்து வேலையோ வெயில் ஏறுமுன் முடிய வேண்டும் என்பதால் விடியுமுன் தொடங்குவது. விடியற்காலை இருட்டில் ‘விடியல் பயணம்’ கிடையாது. நடந்து போகிறார்கள், நாலுவழிச் சாலை ஆகிக்கொண்டிருக்கும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், லாரி வெளிச்சத்தில். மலையேற்றக்காரர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு ஆயிரம் ரூபாயாம். இவர்கள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: வேல்ஸ் நாட்டுக் கடலோர நடைபாதை 870 மைல், 2012-ல் திறந்தார்கள். அங்கே பெம்ப்ரோக்ஷயர் பக்கத்தில் நடப்பவர்களுக்காகவே சிற்றூர்களுக்குள் நுழைந்து நுழைந்து ஓடும் குட்டி பஸ்கள் உண்டு. ஒன்றின் பெயர் ‘பாப்பிட் ராக்கெட்’. ராக்கெட் என்று பெயர் வைத்துவிட்டு, கிராமப் பாதையில் எங்கே நின்று கை காட்டினாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறார்கள். நம்முடையதற்குப் பெயர் பஸ், போவதோ ராக்கெட் மாதிரி.

சரி, எப்படியோ வந்து சேர்ந்துவிட்டோம். நடப்போம். வடக்கே கடப்பாக்கத்துப் பக்கம் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750-ல் முசாபர் ஜங் பிரெஞ்சுக்காரன் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-ல் ஆங்கிலேயன் பிடித்து இடித்தான். 2004 சுனாமி மிச்சத்தை அசைத்தது. அதற்குப் பிறகும் நிற்கும் சுவர்களில் காதலர்கள் பெயர் செதுக்குகிறார்கள். முகத்துவாரத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் மரக்காணம். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி வழி காட்டும் சிறுபாணாற்றுப்படை இந்த ஊரைக் காட்டித்தான் பாணனை அனுப்புகிறது. யோசித்தால் ஆற்றுப்படையைப் போல ஒரு நடைபயணக் கையேடு உலகத்தில் இல்லை. எந்த ஊரில் இறங்கினால் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார் நத்தத்தனார். எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் தெளிந்த கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்கிறார்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். அதில் இருந்தது மெத்தனால், தொழிற்சாலைக்குப் போக வேண்டிய விஷம். பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து இருபதுக்கு மேல் உயிர். அந்தக் குப்பத்துக்குப் பஸ் கேட்டபோது வராத அரசு அன்று வந்தது, கார் காராக வந்தது. அமைச்சர்கள் வந்தார்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் அறிவித்தார்கள். கடற்கரைக் குப்பத்தில் ஓர் உயிருக்கு அரசு விலை வைத்துப் பேசுவது அது பிரிந்த பிறகுதான். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் செத்தார்கள். கார்கள் அங்கே திரும்பின.

உப்பளத்துக்குள் இறங்குவோம். என் அறிக்கையில் இதற்கு ‘வெண்ணிலப் பாதை’ என்று பெயர் வைத்திருக்கிறேன், டெண்டருக்கு உதவும். வரப்பின் மேல் நடந்தால் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி தண்ணீர். முற்றிய பாத்தியில் லேசாகச் செம்மை ஓடியிருக்கும். காலை ஒன்பது மணிக்கே வெளிச்சம் கீழிருந்து அடிக்கிறது. தொப்பி போட்டவன் ஏமாந்தான், தொப்பியால் தரையிலிருந்து வரும் வெயிலைத் தடுக்க முடியாது. ஒரு பெண் நீளக் காம்பு போட்ட பலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பை வாரி வரப்போரம் இழுக்கிறார். இழுக்கும்போது ‘கரகர’ என்று ஒரு சத்தம். பாத்தியில் இருக்கும் அந்தத் தண்ணீர் குதிகால் வெடிப்பில் புகுந்தால் வரும் எரிச்சலுக்குச் சத்தம் இல்லை. வாரியதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து அம்பாரத்துக்குச் சுமக்க வேண்டும். வரப்பு ஒரு சாண் அகலம். கூடை கனக்கும், வரப்பு வழுக்கும். உலகத்தரச் சாகச நடைபயணம் என்று இதற்கு ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் கட்டணம் வாங்கலாம். இப்போதைக்கு இவருக்குக் கூலி கொடுத்து நடக்கவிடுகிறார்கள்.

அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டு. உப்பைப் பனி மாதிரி காட்டப் போகிறார்களாம். கேமராக்காரர் பலகை பிடித்த பெண்ணைப் பார்த்து, “அம்மா, கொஞ்சம் அப்படி ஒதுங்குங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்றார். அவர் ஒதுங்கினார். இந்த நாட்டு உப்பின் படம் எல்லாமே அவரை ஒதுக்கிவிட்டு எடுத்ததுதான்.

ஐப்பசி பிறந்தால் படமும் இல்லை, உப்பும் இல்லை. ஒரு மழைக்கு மொத்தப் பாத்தியும் கரைந்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது; உப்பளம் எது, கழுவெளி எது என்று தெரியவில்லை. வேலை இல்லாத அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது, 2022 முதல். கொடுக்காமல் இருந்த அரசுகளைவிட மேல், ஒப்புக்கொள்கிறேன். 92 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 54 ரூபாய். கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் ஒதுக்கும் நாட்டில் இது தாராளம்தான்.

பறவைகளின் கணக்கு வேறு. மரக்காணத்தில் சர்வதேசப் பறவைகள் மையம் ஒன்றுக்கு 2023-24 மாநில பட்ஜெட்டில் 25 கோடி ரூபாய் அறிவித்தார்கள். எனக்குப் பறவைகள் மேல் பகை இல்லை. கழுவெளியைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அது போனால் சுற்றுவட்டத்து நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிடும். ஆனால் மத்திய ஆசியாவிலிருந்து மாற்று வண்டி ஏறாமல் நேராக வந்து இறங்கும் விருந்தாளிக்கு 25 கோடியில் வரவேற்பு, உப்பளத்திலிருந்து திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவளுக்குக் கட்டைவிரல் என்றால், அடுத்த பிறவியில் எதுவாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் குழப்பம் இல்லை.

இனி கடற்கரையை ஒட்டித் தெற்கே நடக்க வேண்டும். இங்கேதான் பாதை மறைகிறது. 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும், 2011-ல் வந்ததிலும் ஓர் அழகான விதி உண்டு: இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவில் பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த 20 மீட்டரைத் தேடுவதுதான் உண்மையான மலையேற்றம். சுவர், கேட், சுவர், கேட். மேலே முள்கம்பி, உள்ளே தென்னை, அதற்குள் கடல். ஒரு கேட்டில் நின்று, கடலுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். காவலாளி மரியாதையாகவே கேட்டார்: “ரூம் போட்டிருக்கீங்களா சார்?” வங்காள விரிகுடாவுக்கு ரூம் போட வேண்டும். 2019 அறிவிக்கையில் கடற்கரை மணலிலேயே தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு அனுமதி உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். ‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்த கூரைகள் இந்த நாட்டில் எவ்வளவு காலம் நிற்கும் என்பது பஸ் நிழற்குடை கட்டத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் ஊர்களில் இந்தக் கடலோரப் பாதைகள் எப்படி வந்தன என்று பார்த்தால் சிரிப்பு வரும். பிரிட்டனி கரையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் பாதை, கடத்தலைப் பிடிக்கச் சுங்கக்காரர்கள் ரோந்து போன வழி. இங்கிலாந்தின் தென்மேற்குப் பாதை 630 மைலும் கரைக் காவலர்கள் கடத்தல்காரரைத் தேடித் தேய்த்த தடம். சுங்கக்காரன் போனான், பாதை ஊருக்குப் பொதுவாயிற்று. இங்கேயும் அவர்கள் ரோந்துப் பாதை போடாமல் இல்லை. உப்பு வரி தப்பக் கூடாது என்று நாட்டின் குறுக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் முள்வேலி வளர்த்து, பன்னிரண்டாயிரம் பேருக்குக் குறையாமல் காவல் வைத்து, 1879 வரை நடத்தினார்கள். அந்த வேலி மண்ணோடு மண்ணாகிப் போய்விட்டது; நடைபாதை ஆகவில்லை. உப்புக்கான அலுவலகம் மட்டும் பத்திரமாக நிற்கிறது. இந்தியாவின் உப்பு ஆணையர் உட்கார்ந்திருக்கும் ஊர் ஜெய்ப்பூர். கடல் பார்க்க வேண்டுமென்றால் அவரும் பஸ் ஏற வேண்டியவர்தான்.

இந்த மாநிலத்தில் உப்புக்காக நடந்த பெரிய நடை ஒன்று உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு பேர் அளவில் தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். நடப்பவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லும் செய்தி. அந்நியன் ஆட்சியில் நடப்பவனுக்குச் சோறு போடுவது குற்றம். நம் ஆட்சியில் அப்படி ஒரு தடை எதுவும் இல்லை. நடப்பவன் என்று ஒருவன் இருப்பதே கோப்பில் இல்லை.

ஓங்கலைக் காட்டுவதாகச் சொன்னேன். கூனிமேடு தாண்டி, காலாப்பட்டு தாண்டி, பொம்மையார்பாளையம் வாருங்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் நீட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே முட்டி நின்றுவிட்டது. வடக்கே பட்டினி கிடந்த கடல் புதுச்சேரியின் கடற்கரையைத் தின்றது. ஊரைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கடல் அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கே கல் கொட்டியதும் அதற்கு அடுத்தது. மாநில எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு வந்ததும் நம்மவர்களும் கடலுக்குள் கல் நீட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். ஒவ்வொரு தூண்டில் வளைவும் தனக்கு வடக்கே இருக்கும் ஊருக்கு எழுதும் வெளியேற்ற நோட்டீஸ். யூனியன் பிரதேச அரசு, மாநில அரசு, மாறி மாறி வந்த கட்சிகள், எல்லோரும் கல் கொட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டணி உடைந்ததே இல்லை.

அங்கே பாருங்கள், ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக அறுந்து நிற்கும் செம்மண். நடுவில் தென்னையின் வேர்க்கொத்து காற்றில் ஆடுகிறது. விளிம்பில் பாதி வீடு. பச்சை மொசைக் தரை ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் கீழே தண்ணீர்க் குழாயின் வளைந்த முனை. அடுப்பு இருந்த மூலை சுவரில் கரி மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் ‘கடல் ஓங்கல்’ என்று படம் போட்டு, அலை அரிப்பால் பல்லாயிரம் ஆண்டுகளில் உருவாகும் என்று எழுதியிருப்பார்கள். நாம் முப்பத்தைந்து ஆண்டில் முடித்துவிட்டோம். எந்த மேலைநாட்டு ஓங்கலிலும் சமையலறை கிடையாது.

ஆகவே ‘மரக்காணம் கடலோர ஓங்கல் உலகத்தர நடைபாதை’யைத் தாமதிக்காமல் திறக்கப் பரிந்துரைக்கிறேன். தாமதித்தால் தொடக்கப் புள்ளியை வடக்கே தள்ளி வைக்க வேண்டிவரும். திறப்பு விழாவுக்குப் பந்தல், மேடை, குளிர்சாதனக் காத்திருப்பு அறை எல்லாம் ஒரே வாரத்தில் முளைக்கும். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு டிஜிட்டல் பேனர் ஏறும். நாற்காலிகளை நிரப்ப ஆள் வேண்டும். அதற்குச் சிறப்பு பஸ்கள் குப்பம் குப்பமாக வரும், சந்துக்குள்ளும் நுழையும், உப்பளத்து வரப்பு வரைக்கும் வரும். யாரும் கை காட்டாமலே நிற்கும். பிரியாணிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் உண்டு என்று கண்டக்டர் கீழே இறங்கியே கூப்பிடுவார்: “ஏறுங்கம்மா, ஏறுங்க, நேரமாவுது!”

அன்றைக்கு நிழற்குடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பேரும் தூக்குவாளியை மடியிலிருந்து எடுக்காமல், எழுந்திருக்காமல், கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்ட வேண்டும். “நீ போப்பா. பின்னாடி வர்றோம்.”